நீங்கள் கேட்பதைவிடக் கம்மி

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த வாரத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் பஸ் ஓடவில்லை. நான் ஒரு தினசரியின் நிருபர். சாலையில் விழுந்த மரங்களை எண்ணி எழுதுவது வேலை. அதே வாரத்தில் என் அக்காவின் கருமுட்டையும் முதிர்ந்தது.

அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. அவளும் மாமாவும் கச்சிராயபாளையத்தில் கரும்பு பயிரிட்டார்கள். பிள்ளையில்லை. சோதனைக் குழாய் முறைக்காக அவர்கள் போன சென்னை டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. கருமுட்டைக்கும் உங்கள் வயதுதான், இளம்பெண்களுக்குக் கிடைக்கிற பலனை எதிர்பார்க்காதீர்கள் என்றார். முட்டை முதிர ஊசி போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் எடுக்காவிட்டால் அந்த முறை வீண்.

வாடகைக் காரின் கண்ணாடியில் ‘பத்திரிகை’ என்று எழுதி ஒட்டி, அன்று விடியும் முன் கிளம்பினோம். எலவனாசூர்கோட்டை தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் இருபது பேர். காதில் பென்சில் செருகிய ஒருவர் இறங்கி வந்தார்.

“பத்திரிகைக்காரரு நடந்து போலாம். வண்டி போவாது. பிரசவ கேசு, சாவு, ரெண்டுக்குந்தான் வழி.”

“பிரசவ கேசுதான்” என்றேன்.

அவர் குனிந்து அக்காவைப் பார்த்தார். “எத்தினி மாசம்?”

மாமாவுக்குப் பொய் வராது. “இனிமேதாங்க.”

“இனிமேன்னா?”

“இன்னிக்கு எடுத்தாத்தான், அப்புறம் ஆவணும்.”

மரத்தின்மேல் ஆலோசனை நடந்தது. “இனிமே ஆவறவங்களயெல்லாம் வுட்டா, ஊர்ல இருக்கிற புதுமாப்ள அத்தினி பேரும் வண்டி கட்டிக்கினு வருவான்” என்றார் ஒருவர்.

“புருசன் பக்கத்துலயே குந்திக்கினு இருக்காரு. இதுக்கு இன்னாத்துக்கு மெட்ராசு?” என்றார் இன்னொருவர். மாமா வயல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா காரைவிட்டு இறங்கினாள். கரும்புக் கரணை நடுவதை விளக்குகிற குரலில், முட்டையை வெளியே எடுப்பார்கள், கண்ணாடித் தட்டில் சேர்ப்பார்கள், திரும்ப உள்ளே வைப்பார்கள் என்று பென்சில்காரரிடம் சொன்னாள்.

“வெச்சா நிக்குமா?”

“நின்னாலும் நிக்கலாங்க.”

“எத்தினி சதவீதம்?” அந்த வாரம் எல்லார் வாயிலும் அந்தச் சொல்தான்.

“நீங்க கேக்கறதவுட கம்மிதாங்க” என்றாள் அக்கா.

அவர் மரத்தைப் பார்த்து, “நம்பளவுட கம்மியாம்டா. வழி வுடுங்க” என்றார்.

அடிமரம் அசையவில்லை. பக்கத்து மல்லாட்டைக் கொல்லை வழியாக, நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே, காரைத் தள்ளினார்கள். கொல்லைக்காரரும் மறியலில் இருந்தவர்தான். “செடியப் பாத்து, செடியப் பாத்து” என்றபடி அவரும் தள்ளினார். ஒருவர் கோஷம் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் கோஷத்துக்கு ஒரு தள்ளாகத் தள்ளினார்கள். பென்சில்காரர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். உளுந்தூர்பேட்டை வரை இன்னும் மூன்று மரங்கள். ஒவ்வொன்றிலும் தலையை நீட்டி, “நம்பளவுட கம்மி கேசு” என்றார். வழி விட்டார்கள். அதற்கு மேல் மரம் இல்லை என்று அவர் உளுந்தூர்பேட்டையில் இறங்கிக்கொண்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சென்னை ஆஸ்பத்திரி சேர்ந்தோம். இரண்டு முட்டை கிடைத்தது. ஒன்று கருவானது. இரண்டு வாரம் கழித்து, நிற்கவில்லை என்றார்கள். இன்னும் ஒரே ஒரு முறை பார்க்கலாம், அதற்கு மேல் உடம்பு ஒத்துழைக்காது என்றார் டாக்டர். மறியல் நாளின் செய்தியில் நான் நான்கு மரங்களை எழுதினேன், எங்கள் கார் போனதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து, திருக்கோவிலூர் தாலுகா ஆபீஸ் வாசலில் பென்சில்காரர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னாங்க ஆச்சு?”

“நிக்கலீங்க. உங்களுது?”

“பேசிக்கினே இருக்காங்க. மறுபடியும் போவீங்களா?”

“தை மாசம். கடைசித் தரம்.” அக்கா சற்றுத் தயங்கினாள். “அப்ப மறியல் இருக்குங்களா?”

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“தேதி சொல்லுங்க” என்றார்.