எந்த நட்டுக்கும் பொருந்தாத ஸ்பேனர்

எங்கள் பட்டறைக் கதவை ஒட்டிய உள்சுவரில், ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஓர் ஆணியில் அந்த ஸ்பேனர் தொங்குகிறது. முழங்கை நீளம், நல்ல கனம். தலைப்பக்கத்தில் ஓரிடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். முதலாளியின் அப்பா காலத்தில் இதே கட்டடத்தில் கடுக்காய் உடைக்கும் இயந்திரம் ஒன்று இருந்ததாம். அது பழைய இரும்புக்குப் போன பிறகும் அதன் ஸ்பேனர் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. இப்போது எங்களிடம் இருக்கும், கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் கடையும் இரண்டு சிஎன்சி மெஷின்களில் அதற்குப் பொருந்தும் நட்டு ஒன்றுகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனம் கடைசியில் வந்து முட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

முதலாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிட்டோம். வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடக் கடுக்காய் தேவைப்பட்ட காலத்தில் ஜவ்வாது மலையில் அதை வாங்கிச் சேர்த்து வைக்க, ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் பின்னால் அவருடைய அப்பா கட்டிய கிடங்கு இது. தோல் வியாபாரம் பாய்க்குப் பிடிக்கவில்லை. கிடங்கைத் துடைத்து, மின்சாரம் இழுத்து, இரண்டு மெஷின்களை மலைப்பாதையில் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். "எல்லாரும் மலையிலேர்ந்து சரக்கக் கீழ எறக்குறான், நீ இரும்ப மேல ஏத்துறியேன்னு எங்க சொந்தக்காரங்க சிரிச்சாங்க," என்பார். சொல்லும்போது அவரும் சிரிப்பார். பம்ப்புகளுக்கான பித்தளை மூடிகளை இங்கே கடைந்து கீழே அனுப்பினோம். வேலூரில் டிப்ளமா முடித்துவிட்டு, சாமையும் புளியுமாகப் பிழைக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த எனக்கு, மெஷினுக்குப் புரோகிராம் எழுதும் வேலையைக் கொடுத்தார். "இன்னா டிப்ளமா" என்றுதான் காலையில் விசாரிப்பார். ஐடிஐயில் ஃபிட்டர் படித்த அக்கா ஒருவர் மெஷின் ஓட்டினார். சுற்றுக் கிராமங்களிலிருந்து இன்னும் ஓரிருவர் வருவதும் போவதுமாக இருப்பார்கள்.

மெஷின் தானாக ஓடும்போது ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உலோகத்தை வெட்டும் டூல் உடைந்தால் கவனிக்கத்தான் ஆள். துளை போடும் ட்ரில் முனை பென்சில் முனை போல ஒடிந்துவிடும்; மெஷினுக்கு அது தெரியாது. ஒடிந்த மொட்டையை வைத்துக்கொண்டு துளை போட்டதாகவே நினைத்துக்கொள்ளும். அடுத்து வரும் டூல், இல்லாத துளைக்குள் நுழையப் பார்த்து அதுவும் முறியும். அதனால் ஒவ்வொரு முறையும் முனை இருக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். அதிலும் எங்கள் கிடங்கில் ஒரு சங்கடம். இடம் போதாமல் மெஷின்களை எதிரெதிராகக் குறுக்கிப் போட்டிருந்தோம். பொத்தான்கள் இருக்கும் பக்கம் நிற்பவருக்குத் தன் மெஷினின் முனை தெரியாது. எதிர் மெஷினில் நிற்பவருக்குத்தான் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே தெரியும். இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. ஆகவே நடுவில் ஓர் எண்ணெய் டிரம்மை வைத்து, அதன்மேல் இந்த ஸ்பேனரைப் போட்டு வைத்தார் பாய். கேட்பவர் டிரம்மில் இரண்டு தட்டு தட்டுவார். எதிரில் இருப்பவர் எட்டிப் பார்த்து, முனை சரியாக இருந்தால் கையில் எது இருக்கிறதோ அதனால் ஒரு தட்டு. பதில் வராவிட்டால் மெஷினை நிறுத்திவிட்டு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் பட்டறையின் ஒரே சட்டம் அதுதான்.

ஒருநாள் நான் தட்டினேன், ஃபிட்டர் அக்காவிடமிருந்து பதில் இல்லை. மறுபடி தட்டினேன். மெஷினை நிறுத்தினேன். உள்ளறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாய், தட்டுச் சத்தத்துக்குப் பின்னால் வந்த அமைதியைக் கேட்டு எச்சில் கையோடு ஓடிவந்தார். அக்கா மெஷினுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு விழுந்த கம்மலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உயிரோடதான் இருக்கியா?" என்றார் பாய்.

"கம்மல் கெடைக்காம நான் சாவ மாட்டேன் பாய். போய்ச் சாப்புடுங்க."

அன்று முழுவதும் சிரித்தோம். பதில் வராவிட்டால் யாராவது ஓடிவருவார்கள் என்பதை ஒரு பெரிய விஷயமாக அன்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் போகும் கடைசி பஸ் சாயங்காலமே கிளம்பிவிடும். வேலை நடுவில் நின்றால் பாய்க்கு நஷ்டம். நிற்காவிட்டால் எங்களுக்கு பஸ் போய்விடும். என் மகள் அப்போது சின்னவள். பஸ்ஸை விட்ட நாட்களில் என் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போவதற்குள், அவள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள். ஒருமுறை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே மெஷினைக் கழுவியதைப் பாய் பார்த்துவிட்டார். பிறகு ஒருநாள், "மெஷின் நமக்கு வேல செய்யும்னு வாங்கனோம். நாமதான் அதுக்கு ஆயா வேல பாத்துக்கினு இருக்கோம். அது தன்னத் தானே பாத்துக்கட்டும், நீங்க வூட்டுக்குப் போங்க," என்றார்.

டூலைச் சோதிக்கும் கருவியை அப்படித்தான் வாங்கினார். மெஷினுக்குள் ஒரு மூலையில் பொருத்தும் சின்ன வட்டத் தகடு அது. ஒவ்வொரு டூலும் வேலை முடித்ததும் அந்தத் தகட்டில் வந்து முனையால் மெல்லத் தொட வேண்டும். முனை எட்டினால் டூல் முழுசாக இருக்கிறது. எட்டாவிட்டால் ஒடிந்துவிட்டது, மெஷின் நின்று, எங்கள் போன்களுக்குச் செய்தி அனுப்பும். ஃபிட்டர் அக்கா அதைப் பார்த்த மாத்திரத்தில் பொட்டு என்று பெயர் வைத்துவிட்டார்.

"மெஷினுக்குப் பொட்டு வெச்சீங்களே பாய், பூ எப்ப வெப்பீங்க?"

"பூவும் வெச்சா அது கல்யாணத்துக்குக் கெளம்பிடும்க்கா. அப்புறம் மூடிய யார் கடையறது?"

பெரிய பலகையில் பித்தளைத் துண்டுகளை வரிசையாக இறுக்கிவிட்டால், ஒன்றன்பின் ஒன்றாக மெஷின் தானே முடித்துக்கொள்ளும்படி நான் புரோகிராம் எழுதினேன். வேண்டுமென்றே ஒடிந்த ட்ரில்லை மாட்டிச் சோதித்தோம். அது பொட்டைத் தேடிப்போய்த் தொட முடியாமல் நின்றது. எங்கள் போன்கள் ஒன்றாகக் கத்தின. பாய் குழந்தை மாதிரி கைதட்டினார். கெட்ட செய்தி மட்டும் வந்தால் போதாது, ஒவ்வொரு மூடி நல்லபடியாக முடிந்ததும் ஒரு செய்தி வர வேண்டும் என்று கேட்டார். என்ன எழுதுவது என்றேன். "சப் கைரியத்னு போடு. எங்க அம்மா போன்ல அதத்தான் கேப்பாங்க," என்றார். எல்லாம் நலம் என்று அர்த்தம். தமிழ் எழுத்தில் அப்படியே போட்டேன். தன் மனைவியின் எண்ணையும் அதில் சேர்க்கச் சொன்னார். "அவளும் நாளெல்லாம் போன் பண்ணிக் கேக்க வேணாம் பாரு. மெஷினே சொல்லிடும்."

அதன் பிறகு சாயங்கால பஸ்ஸை நான் விட்டதே இல்லை. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்த்தேன். அவள் இன்று கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள் என்றால் அந்தச் சாயங்காலங்களுக்கு அதில் பங்கு உண்டு. அந்தக் கருவியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தட்டிக் கேட்கும் பழக்கம் மட்டும் மெல்ல நின்றுபோனது. டிரம்மை வெளியே உருட்டிவிட்டோம். ஸ்பேனரைத் தூக்கி எறிய மனமில்லாமல் பாய்தான் ஆணி அடித்து மாட்டினார்.

போன ஆடியில் எங்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய நாள். பாய் எல்லோருக்கும் லீவு கொடுத்தார். காலையில் நானும் அக்காவும் வந்து பலகையில் துண்டுகளை இறுக்கி, மெஷினை ஓடவிட்டுக் கிளம்பினோம். "மதியம் பஸ்ல நானும் கீழ போய்டுவேன். எனக்கும் சேத்து ரெண்டு சொம்பு கூழு குடிங்க," என்றார் பாய். கதவருகே நின்று கையசைத்தார். எங்கள் ஊரில் எல்லா இடத்திலும் போனில் சிக்னல் எடுக்காது. புளியந்தோப்புக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் எடுக்கும். கோயம்புத்தூரில் இருந்த மகளுக்கு வீடியோ காலில் விழாவைக் காட்டப் பிற்பகலில் அந்தப் பாறையில் ஏறினேன். சேர்ந்திருந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. சப் கைரியத். சப் கைரியத். சப் கைரியத். கூட ஏறிவந்த அக்காவிடம் காட்டினேன். "பொட்டு வெச்சவ பொறுப்பாத்தான் இருக்கா," என்றார் அவர். நான் பாய் மலை இறங்கியிருப்பார் என்று நினைத்தேன். வாணியம்பாடியில் அவர் மனைவி, செய்திகளைப் பார்த்து, வேலை இருப்பதால் மலையிலேயே தங்கிவிட்டார் என்று நினைத்தார். இரண்டு பேருடைய போனிலும் ஒரே சொல்தான் இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. மெஷின் தன் வேலையை முடித்துவிட்டு, உள்விளக்கு எரிய அமைதியாக நின்றுகொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் பாய் விழுந்துகிடந்தார். பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை எட்டிப் பார்க்க வந்திருப்பார் போல. தோள்பை கதவருகே இருந்தது. மாரடைப்பு என்றார்கள். உயிர் உடனே போயிருக்குமா, கொஞ்ச நேரம் இருந்திருப்பாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பதில் சொல்லியிருப்பார்கள், அதைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை. பலகையில் இருந்த மூடிகளைப் பிறகு அளந்து பார்த்தோம். எல்லாம் அளவில் சரியாக இருந்தன.

ஸ்பேனர் ஆணியில் இல்லை. அவர் கைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. எதையோ இறுக்க எடுத்திருப்பார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மெஷினின் வெளிப்புறத் தகரத்தில், உட்கார்ந்த ஆளின் கை எட்டும் உயரத்தில், புதிதாகச் சில நசுங்கல்கள் இருந்தன. அவை எத்தனை என்று நான் எண்ணவில்லை. இரண்டிரண்டாக இருந்தனவா என்றும் பார்க்கவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது பாயின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு வாட்டியும் போன் கத்துச்சும்மா. பாத்துட்டு அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டு நான் மாவு பெசஞ்சிக்கினு இருந்தேன்," என்றார். நாற்பது நாள் கழிந்தபின், பட்டறையை மூட வேண்டாம், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார். போனில் வரும் சப் கைரியத் செய்தியை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "அது அவரு சொல்றதாட்டம் இருக்கு. இருக்கட்டும்," என்றார். எனக்கு அப்படி இல்லை. அந்தச் சொல் திரையில் வரும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஆனாலும் மாற்றவில்லை.

மகளோடு எனக்கு இப்போது ஓயாத சண்டை. ஹாஸ்டலிலிருந்து தினமும் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவாள். முன்பு அது போதுமாக இருந்தது. இப்போது அதைப் பார்த்த உடனே போன் செய்கிறேன்; எடுக்காவிட்டால் அறைத்தோழிக்குச் செய்கிறேன்.

"இன்னாம்மா, அதான் கட்டைவிரல் போட்டேன்ல?"

"கட்டைவிரல் வேணாம். பேசு."

"எத்தினி வாட்டி பேசறது? ஒண்ணு பண்ணு, எனக்கும் ஒரு பொட்டு மாட்டி வுட்டுடு. நிம்மதியாத் தூங்குவே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பேச்சு நின்றுவிட்டது. பள்ளி விடுமுறைகளில் என்னோடு பட்டறைக்கு வந்து, டிரம்மின்மேல் உட்கார்ந்து கொய்யா தின்றவள் அவள். பாய் அவளைத் தட்டவிட்டு வேடிக்கை பார்ப்பார். நகத்தால் போனின் முதுகில் இரண்டு முறை தட்டினேன். ஹாஸ்டல் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தது.

பட்டறை இன்றும் அப்படியே நடக்கிறது. சாயங்காலம் பலகையை நிரப்பி, மெஷினை ஓடவிட்டு, எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். ஒரு வழக்கம் மட்டும் புதிது. பூட்டுவதற்கு முன் நான் ஆணியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, கதவு நிலையில் இரண்டு முறை தட்டுகிறேன். உள்ளே யாராவது இருந்தால் பதில் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் நானே மெஷின்களைச் சுற்றி ஒருமுறை நடந்து, சுவரோரம்வரை பார்த்துவிட்டு வருவேன். யாரும் இருப்பதில்லை. இப்போதெல்லாம் பதில் வராமல் இருப்பதுதான் நல்ல சேதி. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஸ்பேனரை மாட்டிய பிறகு கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தபடி நிற்கிறேன். சாலையில் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். "பஸ் போய்டும், வாம்மா," என்று அக்கா வந்து என் கையிலிருந்து பூட்டை வாங்கிக்கொள்கிறார்.