நிற்காத கப்பல்

இரண்டாம் உலகப் போரின்போது அப்பாவும் சித்தப்பாவும் ஜவ்வாது மலையிலிருந்து கடற்படையில் போய்ச் சேர்ந்தார்கள். மீன்பிடிக் கப்பல்களில் பீரங்கி பொருத்தி, கடலில் எதிரி போட்ட கண்ணிவெடிகளை அகற்றும் வேலை. முன்னால் போன கப்பலில் தம்பி, பின்னால் அண்ணன். தம்பியின் கப்பல் வெடித்தது. ஊர் திரும்பிய அப்பா, "ஒடனே போய்ட்டாம்மா, வலியே இல்ல" என்று சித்தியிடம் சொல்லிவிட்டார்.

எழுபதுகளில் சித்தி ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் கேட்டாள்.

"மாமா, இப்பவாவது நெசத்தச் சொல்லுங்க. அவரு ஒடனேவா போய்ட்டாரு?"

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா. தண்ணியில கெடந்து அண்ணா, அண்ணான்னு கத்துனான். வெடி இருக்கற எடம், கப்பல நிறுத்தக்கூடாதுன்னுட்டாங்க. அவனத் தாண்டிப் போய்ட்டோம்."

சித்தி அழவில்லை. "என்னக் கூப்ட்டாரா?" என்றாள்.

அப்பா கம்பியிலிருந்து கையை எடுத்தார். "எஞ்சின் சத்தத்துல வேற ஒண்ணும் கேக்கலம்மா."

அவள் கஞ்சியை விலக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் யாரிடமும் பேசவில்லை.

உடலை மலைக்குக் கொண்டுபோன ஜீப்பில் அப்பா, "ஆமா, கூப்ட்டான்னு சொல்லியிருக்கலாமே" என்று அழுதுகொண்டே வந்தார்.