சுருளக்காவின் கல்யாணப் பத்திரிகை

எங்கள் அச்சகத்தில் சுருளக்காவுக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அவள் வரைகிற எழுத்துகளால் வந்த பட்டம் அது. பழைய காலத்து சோப்பு உறைகளிலும் வாசனைத் தைலப் புட்டிகளிலும் பார்த்திருப்பீர்களே, அந்த ரக எழுத்து. செங்குத்துக் கோடு தடியாக இருக்கும், வளைவு முடியளவு மெல்லிசாக ஓடும், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சின்னப் பாதம். தொடக்கத்தில் கொடிபோல ஒரு சுருள், சுழிக்குள் ஓர் இலை. தமிழில் அவள் மனசுக்குப் பிடித்த மாதிரி அப்படி ஒன்று கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன என்று தானே எழுத்தெழுத்தாக வரைந்து கணினியில் ஏற்றிவிட்டாள்.

யார் கேட்டாலும் கொடுத்துவிட மாட்டாள். நகைக்கடைப் பலகைக்கு உண்டு, கல்யாணப் பத்திரிகைக்கு உண்டு, பரிசுப் பெட்டிக்கு உண்டு. மருந்து உறைக்கும் வாடகை விளம்பரத்துக்கும் கிடையவே கிடையாது. குழாய் பழுது பார்க்கிறவர் ஒருவர் அடம்பிடித்துத் தன் வண்டியில் அந்த எழுத்தைப் போட்டுக்கொண்டார். வழியில் நிறுத்தி, தோடு இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். அதன்பிறகு அவள் இன்னும் கறாராகிவிட்டாள்.

நான் அங்கே காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்குக் காகிதக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்குகிறவர் மனைவியை இழந்தவர். அக்காவும் கணவனை இழந்து வெகுகாலம் ஆயிற்று. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் சொன்னபோது எனக்குப் புரையேறிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அக்காவின் மகனுக்கு மட்டும் முகம் கடுகடுவென்று ஆனது. கல்யாணம் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, சொல்கிற தைரியம் கிடையாது. சத்தமில்லாமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வா, பத்திரிகை எதற்கு என்றான். ஊரில் பாதிப் பேருக்குப் பத்திரிகை வரைந்தவளிடம் போய் இதைச் சொன்னான் பாருங்கள், அவனை என்னவென்று சொல்வது.

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் பெற்ற மனசு, பாதி இறங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற அட்டை, நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் என்று முடிவாயிற்று. எழுத்து மாத்திரம் தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்த எழுத்தைச் சின்னதாக்கினால் மெல்லிய கோடுகள் தாங்காது. அது அவளுக்குத் தெரியாதா என்ன? வாடிக்கையாளர்களிடம் தொண்டைத்தண்ணீர் வற்ற அதைச் சொல்கிறவளே அவள்தான். மகனைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் தன் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டாள். மாதிரி அச்சு வந்ததும் மேசைமேல் வைத்துப் பார்த்தோம். தடித்த கோடுகள் மட்டும் தனித்தனியாக நின்றன, அவற்றைச் சேர்க்கிற வளைவுகளைக் காணோம். அவள் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. காகிதக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"என் பேரை நானே அழிச்சு வச்சிருக்கேன்," என்றாள் அக்கா. அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

மகன் வந்தான். சாதாரண எழுத்தில் அடக்கமாகப் போட்டால் தீர்ந்தது, இந்த வயசுக்கு அதுதான் அழகு என்றான். கையிலிருந்த காகிதக் கட்டை அவன் தலையில் போடலாம் போல எனக்கு இருந்தது.

"எழுத்தை மாத்த மாட்டேன். தாளைப் பெரிசாக்கப் போறேன்."

"ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமாம்மா?"

"ஆமா. அடிக்கணும்."

அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். பத்திரிகை என்றால் அழைக்கிறவர் பெயர் வர வேண்டும். அவளுக்குப் பெற்றோர் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. இருப்பது அவன் ஒருவன்தான், அவன் தன் பெயரைத் தர மாட்டானாம். அழைக்க ஆளில்லாமல் எப்படி அடிப்பாய் என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

இதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. பத்திரிகை இல்லாவிட்டால் போகட்டும், வருத்தப்படாதே என்றார் காகிதக்காரர். அவள் அவரையும் ஒரு முறை முறைத்தாள். அப்புறம் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

சுவரொட்டி அளவுக்குத் தாளை விரித்தாள். மணமக்கள் பெயர் இரண்டும் ஆளுக்கொரு முழம் நீளத்துக்கு வந்தன. சுருளும் இலையும் பாதமும் ஒன்றுகூட விடுபடவில்லை, மெல்லிய கோடெல்லாம் பளிச்சென்று நின்றது. கீழே தேதி, இடம். அதற்கும் கீழே 'அழைப்பவர்' என்று அடித்துவிட்டுக் கையை எடுத்தாள். மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கெஞ்சுவாள் என்று நினைத்திருப்பான்.

அவள் அங்கேயும் தன் பெயரையே போட்டாள், மேலே இருந்த அதே எழுத்தில், அதே அளவில். நான் போய் அச்சு இயந்திரத்தை ஓட விட்டேன்.

மை காய்வதற்குள் முதல் தாளை எடுத்து அவனிடம் நீட்டினாள். ஒரு கையில் அடங்காததால் அவன் இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருந்தது.

"என்னை யாரும் கட்டிக் குடுக்கல. நானே கட்டிக்கிறேன், நானே கூப்பிடறேன்," என்றாள். "முதல்ல உன்னைத்தான் கூப்பிடறேன். வந்து சேரு."