'கைன்' சொல்லாத வீடு

கராம்பு காய்கிற வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு ஜெர்மன் மொழிதான் காதில் கேட்கும். யுத்தம் முடிவதற்கு முந்திய வருடம், இரத்தோட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்துக் கராம்பைக் காயப்போட்டுவிட்டு, அக்கா டேப் ரெக்கார்டரில் வரும் வெள்ளைக்காரப் பெண்ணின் குரலோடு சேர்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அத்தான் மாதா கோயிலில் தாலி கட்டிவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். மொழிப் பரீட்சையில் தேறினால்தான் அவளுக்கு விசா.

நான் ஒரு சாமானைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவள் அதற்கு முன்னால் 'ஒரு' போட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் முறை. அங்கே மேசை ஆணாம், அதற்கு 'ஐன்'. விளக்கு பெண்ணாம், அதற்கு 'ஐனெ'. எனக்குச் சிரிப்பு அடங்காது. அடுத்த பாடம் 'கைன்', 'கைனெ': சாமானை ஒளித்துவிட்டு நான் வெறுங்கையை விரித்தால், அது இல்லை என்று அவள் சொல்ல வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதன் அர்த்தத்தை நான்தான் அம்மாவிடம் சொன்னேன்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல இல்லை இல்லைன்னு சொன்னா குடும்பம் வெளங்குமா?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். உப்பு தீர்ந்தால் "உப்பு வாங்கணும்" என்பாள், அரிசி தீர்ந்தால் "நெறைஞ்சிருச்சு" என்பாள். 'இல்லை' அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது. அதனால் அந்தப் பாடம் மட்டும் தண்ணீர் விழும் "பீலி"யடிக்குப் போனது.

உப்பென்ன, அரிசியென்ன, அம்மாவின் பயமெல்லாம் அண்ணனைப் பற்றியது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த அவனை, அடையாள அட்டை கேட்டவர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருடமாகியிருந்தது. அம்மா ஏறாத படியில்லை. ஆனால் யார் விசாரித்தாலும், "கொழும்புல இருக்கான்" என்றுதான் சொல்வாள். குடும்பத்தைப் பற்றிய பாடம் வந்தபோது, சகோதரன் உண்டா என்ற கேள்வியைப் புத்தகத்தைப் பார்த்து நான் கேட்டேன். பீலியடியில் அக்கா 'உண்டு' என்பதையும் சொல்லிப் பார்த்தாள், 'இல்லை' என்பதையும் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவதை முடிக்கவில்லை, அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பிலிருந்து வந்தவளிடம், தேறுவாயா என்று அம்மா கேட்கவில்லை.

"அண்ணனப் பத்திக் கேட்டாங்களா?"

"பேச்சுப் பரீட்சை வச்ச வெள்ளக்காரம்மா கேட்டாங்க. ஒரு அண்ணன் இருக்காரு, கொழும்புல இருக்காருன்னு சொன்னேன்."

"அதுக்கு அந்த வெள்ளக்காரம்மா என்னா சொன்னாங்க?"

"சரின்னு தலையாட்டினாங்க."

அன்று மலர்ந்த மாதிரி அம்மாவின் முகம் பிறகு மலர்ந்து நான் பார்த்ததில்லை. "படிச்சவுங்களே சரின்னுட்டாங்க" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த அம்மா சரி என்றது அக்கா பேசிய ஜெர்மனைத்தான் என்று சொல்ல எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

அக்கா தேறினாள், அத்தானிடம் ஜெர்மனிக்குப் போனாள்; அவள் பிள்ளைகள் என்னோடு ஜெர்மன் கலந்துதான் போனில் பேசுகிறார்கள். கராம்பு மரங்கள் நின்ற இடத்தில் யாரோ வீடு கட்டிவிட்டார்கள். சென்ற வருடம் அம்மாவும் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர், விவரம் தெரியாமல், "ஒங்க அண்ணன் எங்க, காணோமே?" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.