அரைச் சுற்று

அவளுக்கு வீட்டார் வைத்த பெயர் ஒன்று, ஊர் வைத்த பெயர் ‘கழட்டி’. சிறு வயதில் அப்பாவின் ரேடியோவைக் கழற்றியபோது ஒட்டிக்கொண்ட பெயர், கல்யாணமாகியும் போகவில்லை. எந்தப் பொருளானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. புகுந்த வீட்டுக்கு வந்த புதிதிலேயே சுவர்க்கடிகாரத்தைப் பிரித்தாள். திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. கடிகாரம் என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனாலும் பள்ளி வேன் ஓட்டும் கணவர் அன்றிலிருந்து தன் கைக்கடிகாரத்தை அலமாரியின் மேல்தட்டில், அவளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க ஆரம்பித்தார்.

அந்தக் கை அரிப்புதான் பிழைப்பும் ஆனது. முன்னறையில் தையல் மிஷின் பழுது பார்த்தாள். பழைய மிஷின்களில் தேய்ந்துபோன புஷ்ஷுக்கு, அதாவது தண்டு சுழலும் சின்ன உலோக வளையத்துக்கு, மாற்று கடையில் கிடைக்காது. இரும்பு கடையும் லேத்துப் பட்டறைக்காரரிடம் போனால், “இத்துனூண்டு வேலைக்கெல்லாம் லேத்த நிறுத்த முடியாதும்மா” என்பார். அவள் வாசலிலேயே நின்று, அவர் கை போகும் போக்கைப் பார்த்துவிட்டு வருவாள். மிஷின்களை அப்படியே திருப்பித் தருவது அவளுக்கு அவமானமாக இருந்தது. சொந்தமாக ஒரு லேத்து வேண்டும். சேர்த்ததையெல்லாம் கொட்டினாலும் பழையதுதான் வாங்க முடியும்; அதுவும் ஏமாந்துவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை.

பழைய இரும்புக் கடைக்குப் போகும் வழியில் கணவர் பாடம் நடத்தினார். “பேரத்த நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத. புடிக்காத மாதிரி மூஞ்சிய வச்சுக்க, போதும்.”

சரி என்று தலையாட்டினாள். ஆனால் புதுப் பச்சைப் பெயின்ட் பூசிய அந்தச் சின்ன லேத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, சொன்ன விலையில் உடும்புப்பிடியாக நின்றார். கணவர் முறைத்தார்.

அவள் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. வெட்டும் உளியை முன்னும் பின்னும் நகர்த்தும் கைப்பிடி அது. இந்தப் பக்கம் சுற்றினாள், உளி வந்தது. அந்தப் பக்கம் திருப்பினாள். கைப்பிடி அரைச் சுற்று சும்மா சுற்றியது; அதற்குப் பிறகுதான் உளி அசைந்தது. அவள் முகம் தொங்கிப்போனது.

கணவருக்கோ, என்னமாய் நடிக்கிறாள் என்று உள்ளூர ஒரே பெருமை. “பாத்தீங்களா, அவளுக்கே புடிக்கல. வாம்மா போலாம்” என்றார். “ஏங்க...” என்றாள். அவர் கண்ணாலேயே அடக்கினார். கடைக்காரர் விலையில் இறங்கி வந்தார். அதற்குமேல் அவளும் பேசவில்லை. பழுதைச் சொன்னால் இவர் வேண்டாம் என்று கிளம்பிவிடுவாரோ என்ற பயம்.

லேத்தை முன்னறையில் இறக்கியதும், “என்னா நடிப்பு” என்று கணவர் சிரித்தார்.

“நான் நடிக்கலங்க. நெசமாவே பழுது இருக்கு” என்றாள்.

அவர் சிரிப்பு நின்றது. “அங்கயே சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா வாங்கியிருப்பீங்களா?”

அவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். காசு போனதைவிட அவருக்குத் தெரியாமல் மறைத்ததுதான் அவளைக் குத்தியது. பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், அவர் லேத்தின் முன்னால் குந்தியிருந்தார். கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த அரைச் சுத்து எங்கதான் போவுது?” என்றார்.

அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் அப்படிக் கேட்டு அவள் கேட்டதில்லை. ஸ்பானரை எடுத்துக் கழற்றினாள். உள்ளே ஒரு பித்தளை நட்டு. அதன் மரை தேய்ந்து காகிதமாகியிருந்தது.

“இத யாரு செஞ்சு தருவா?”

“இந்த லேத்துதான்.”

“பழுதான லேத்தா?”

“அந்த அரைச் சுத்து சும்மா போகும்னு தெரியுமில்ல? எப்பவும் ஒரே பக்கத்துலேருந்து சுத்திக்கிட்டு வந்தா அது குறுக்க வராது.”

பழைய நட்டையே திரும்பப் பூட்டி, அதில் மிஞ்சியிருந்த பிடியை வைத்துப் புதிய நட்டைக் கடைந்தாள். முதல் துண்டு பாழ், இரண்டாவதும் பாழ். மூன்றாவதைப் பூட்டிக் கைப்பிடியைத் தொட்டதும் உளி நகர்ந்தது. அடுத்த வாரம், முன்பு அவள் முடியாதென்று திருப்பி அனுப்பிய தையல் மிஷின் ஒன்று மறுபடி வந்து, புது புஷ்ஷோடு சத்தமில்லாமல் ஓடியது.

கணவர் அதை நின்று கேட்டார். பிறகு அலமாரிக்குப் போய் மேல்தட்டைத் துழாவினார். கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“கொஞ்ச நாளா லேட்டா ஓடுது. கழட்டித்தான் பாரேன்.”