இரண்டாவது சேமிப்புப் பொத்தான்

வெள்ளவத்தையில் ஒரு சாறிக்கடைக்கு மேலே, ரயில் போனால் மேசை நடுங்கும் அறையில், நாங்கள் மூன்று பேர் மென்பொருள் நிறுவனம் நடத்தினோம். அலுவலகப் படிவங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் நிரப்பித் தரும் மென்பொருள். அதை இலவசமாகக் கொடுத்தோம். உள்ளே எழுதிய நிரலையும் யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தோம். பழக்கிக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் மட்டும்தான் கட்டணம். "சும்மா குடுத்தா எப்பிடிச் சாப்பிடுவியள்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

சாப்பாடு போட்டது ஒரேயொரு வாடிக்கையாளர், கொட்டாஞ்சேனையில் சுங்கப் படிவங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகம். அதன் முகாமையாளர் ஓர் அன்ரி. படிவத்துக்கு மேலே உள்ள சேமிப்புப் பொத்தான் போதாது, கீழேயும் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். போட்டுக் கொடுத்தேன். ஆனால் எரிச்சல் அடங்கவில்லை. நிரலுக்கு நடுவே, பிறகு பார்ப்பவருக்காகக் குறிப்பு எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். நான் எழுதினேன்: "இந்தப் பொத்தான் ஒருத்தருக்கும் தேவையில்லை. கொட்டாஞ்சேனை அன்ரியின் பிடிவாதம். இதை எடுத்தால் நாளுக்கு எட்டுத்தரம் போன் கோல் எடுப்பா."

எல்லாரும் பார்க்கட்டும் என்று திறந்து வைத்தவளுக்கு, அந்த எல்லாரிலும் அன்ரி அடக்கம் என்று தோன்றவில்லை. கனடாவில் கம்ப்யூட்டர் படிக்கும் அவருடைய மகள் அதை வாசித்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் வாரத்தில், அலுவலகத்துக்கு வரச்சொல்லி அன்ரியிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஒப்பந்தம் போனால் அறையும் போகும். பஸ்ஸில் என்னையே ஏசிக்கொண்டு போனேன்.

என் குறிப்பு அச்சடித்து அவர் மேசையில் கிடந்தது.

"அழிச்சிடுறன் அன்ரி. ஆனா பழைய பதிப்பில இருக்கும், அதை மறைக்கேலாது," என்று உண்மையைச் சொன்னேன்.

"ஏன் அழிக்கிறீங்க? இங்க வாங்க மகள்," என்று என்னைக் கூப்பிட்டார்.

பக்கத்து மேசையில் ஓர் ஊழியர் நீண்ட படிவமொன்றை நிரப்பி, அடிக்கு வந்து, கீழ்ப் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த படிவத்துக்குப் போனார். அடுத்த மேசையிலும் அப்படியே. மேலே இருந்த பொத்தானை ஒருவரும் தொடவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இப்ப நான் சொல்றத அதுக்குக் கீழ எழுதுங்க," என்றார். அங்கேயே உட்கார்ந்து, சொன்னபடி தட்டினேன்: "அன்ரி சொன்னதுதான் சரி. எடுக்கணும்னா மேல உள்ளத எடுங்க."

எங்கள் நிரலில் வெளியாள் ஒருவர் எழுதிய முதல் வரி அதுதான். பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து, பேனாவை மூடினார்.

"இனி ஏசுறதுன்னா நேர ஏசுங்க மகள். எனக்குப் பதில் சொல்ல லேசு."

இன்றைக்கும் நேரேதான் ஏசுகிறேன். பெரும்பாலும் அவர்தான் வெல்கிறார்.