ரோசியின் கயிறு

மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேரனும் நண்பர்களும் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை விளையாட்டு ஆடுகிறார்கள். பகடை உருளும் சத்தம், தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சிமென்ட் தரையில் சோழி சிதறிய சத்தம்தான்.

எழுபதுகளில் நாங்கள் ஆடியது முத்துக்குளி. தரையில் கரித்துண்டால் கடல் வரைவோம். குளியாளாக, அதாவது கடலில் மூழ்குபவராக, இருப்பவர் தமக்குக் கயிறு பிடிக்க ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். ஆறு சோழியும் மல்லாந்து விழுந்தால் முத்து. ஆனால் குளியாள் மேலே வந்தாரா என்று சொல்ல வேண்டியது கயிறு பிடிப்பவர். அவர் கயிற்றை விட்டதாகச் சொன்னால் குளியாள் மூழ்கிப்போனதாகக் கணக்கு; ஆட்டத்தை விட்டுப் போக வேண்டும். நிஜக் கடலில் மச்சானை நம்பித்தான் கயிற்றைக் கொடுப்பார்கள். எங்களோடு ஆடிய ஒரே பெண்ணான ரோசி அதை என்னிடம் கொடுத்தாள்.

சோழிகள் அவளுடையவை. அன்று இரண்டு முறை அவளுக்கு ஆறு விழுந்தது. கூட ஆடிய பையன்களில் அந்தோணி எழுந்துவிட்டான்.

"பொட்டப்பிள்ள எங்கனயாவது முத்துக் குளிக்குமாலே? இவ இருந்தா நாங்க வரல. ஆட்டமே நல்லால்ல."

"நான் பொட்டப்பிள்ளன்னு சோழிக்குத் தெரியலயேலே" என்று சிரித்தபடி மறுபடி போட்டாள் ரோசி. மூன்றாவது முறையும் ஆறு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் போய்விட்டால் எனக்கு விளையாட ஆள் இல்லை.

"கயித்த விட்டுட்டேன்" என்றேன்.

ரோசி அழவில்லை. "நீயாலே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அதன்பின் என்னிடம் பேசவே இல்லை. அவள் விட்டுப்போன சோழிகளை வைத்துப் பொழுது சாயும்வரை நாங்கள் ஆடினோம்.

"தாத்தா, ஒரு ஆள் குறையுது, வாங்க" என்கிறான் பேரன்.

ரோசிக்கும் அன்று ஒரே ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது.